ஒன்பது பேண்டு ரேடியோவும் ஒரு நோட்டுப் புத்தகமும்

(நம் சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில், தென்னேரியைச் சேர்ந்த முன்னாள் மாணவர் ஒருவர் – பி.எஸ்சி. இயற்பியல், 1979–82 – ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



போன மாதம் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீ ஏதாவது பேசணும்ப்பா" என்றார். "எதைப் பத்தி?" என்றேன். "உனக்கு எது தெரியுமோ அதைப் பத்தி" என்றார். எனக்குத் தெரிந்தது ரெண்டே விஷயம். ஒன்று எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம். அதை முப்பது வருடத்துக்கு மேல் நடத்தி ஓய்வு பெற்றுவிட்டேன். இன்னொன்று ரேடியோ. இந்த வயதில் உங்களுக்கு அறிவியல் பாடம் நடத்தினால் அடிக்க வருவீர்கள். ஆகவே ரேடியோ.

இதோ என் கையில் இருக்கிறதே, இதுதான். கடைசி வரிசைக்காரர்களுக்கு ஒரு புத்தகம் மாதிரித் தெரியும். அளவும் அவ்வளவுதான். சோனி கம்பெனியின் ஒன்பது பேண்டு செட். 1987-இல் எங்கள் அண்ணன் குவைத்திலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். நம் கல்லூரி வணிகவியல், 1974–77. அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன், எழுந்து போய்விடாதீர்கள் அண்ணா.

இன்னொரு கையில் இருப்பது ஒரு பழைய நோட்டுப் புத்தகம். நாற்பது பக்க ரூல்டு நோட்டு. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உண்மையில் நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

பச்சைக் கண்

எங்கள் ஊர் தென்னேரி. வாலாஜாபாத் பக்கம் பெரிய ஏரி உள்ள ஊர். திரையன் ஏரி என்பதுதான் மருவித் தென்னேரி ஆனது, தொண்டைமான் இளந்திரையன் பெயரால் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்களுடையது நெசவுக் குடும்பம். காஞ்சிபுரம் பட்டு என்று உலகமே சொல்கிறதே, அது எல்லாமே காஞ்சிபுரத்துத் தெருக்களுக்குள்ளேயே நெய்தது இல்லை. சுற்று வட்டாரத்து ஊர்களில் வீட்டுக்குள் குழித்தறி போட்டு நெய்ததும் அதில் உண்டு. கோர்வைப் புடவை நெய்ய ரெண்டு ஆள் வேண்டும். நெய்கிறவர் ஒருவர், கரைக்கு நாடா எறிய ஒரு பையன். நானும் அண்ணனும் அப்படி அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நாடா எறிந்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனோம்.

தறியில் உட்கார்ந்தவருக்குக் கை, கால், கண் எல்லாம் வேலையில் இருக்கும். காது ஒன்றுதான் சும்மா இருக்கும். அதனால் நெசவாளர் வீட்டில் ரேடியோ என்பது ஆடம்பரம் இல்லை. கூட உட்கார்ந்திருக்கிற ஆள்.

அப்பா வாங்கியது வால்வு செட். போட்டவுடன் பாடாது, சூடாகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். நிலையம் சரியாக விழுந்ததும் முகப்பில் ஒரு பச்சைக் கண் குவியும். கூரைக்குக் கீழே செம்புக் கம்பி வலை ஏரியல். வருடா வருடம் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். ரேடியோ வைத்திருக்க லைசென்சா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 1980-களில்தான் அது ஒழிந்தது.

அந்த செட்டில் அதிகம் பாடியது இலங்கை வானொலி. அதற்குக் காரணம் உண்டு. 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு ஆகாது. ஆகாசவாணியில் அது ஒதுங்கிப் போயிற்று. கடல் கடந்து கொழும்பு அதை எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக எக்கலையில் நிறுவிய பெரிய சிற்றலைப் பரப்பி, போர் முடிந்ததும் இலங்கை வானொலி கைக்கு வந்திருந்தது. போர்க்காலத்துப் பரப்பியில் நம் ஊர் சினிமாப் பாட்டு, நம் நாட்டுக்கே திரும்பி வந்தது. 1957 அக்டோபர் 3-ஆம் தேதி ஆகாசவாணி விவித் பாரதியைத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதற்குள் மயில்வாகனனின் குரல் நம் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று தொடர்ந்தது. எங்கள் தெருவில் அவர்கள் பெயர் தெரியாத ஆளே கிடையாது.

நுணுக்கம் கொஞ்சம்

சரி, ஒன்பது பேண்டு என்றால் என்ன? பழைய மூன்று பேண்டு செட்டில் சிற்றலை முழுவதையும் ஒன்று ரெண்டு வரிசையில் அடைத்திருப்பார்கள். ஒரு நாட்டு நிலையத்துக்கும் அடுத்த நாட்டு நிலையத்துக்கும் நடுவே நகக்கண் அளவு இடைவெளி கூட இருக்காது. குமிழை மூச்சு விடாமல் திருப்ப வேண்டும். லண்டனைப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தால் பீகிங் வந்து நிற்கும். இந்த மாதிரி செட்டில் ஒவ்வொரு மீட்டர் பேண்டையும் தனியாக எடுத்து, முள் ஓடுகிற தூரம் முழுக்க விரித்துப் போட்டிருப்பார்கள். சுருட்டி வைத்த பாவைத் தெருவில் நீளமாக விரிக்கிறோமே, அது மாதிரி. இழை இழையாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மீட்டர் கணக்கு சுலபம். முந்நூறை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர். 12 மெகாஹெர்ட்ஸ் என்றால் 25 மீட்டர். 9.5 என்றால் 31 மீட்டர் பேண்டு. 6 என்றால் 49 மீட்டர் பேண்டு.

இந்த அலை எப்படி அவ்வளவு தூரம் வருகிறது என்று என் மாணவர்கள் கேட்பார்கள். பூமிக்கு மேலே நூறு கிலோமீட்டரிலிருந்து முந்நூறு நானூறு கிலோமீட்டர் வரைக்கும் சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்குகள் இருக்கின்றன. சிற்றலை அங்கே போய் வளைந்து மறுபடி பூமிக்கு வரும். பூமியில் பட்டு மறுபடி மேலே போகும். பந்து எகிறுகிற மாதிரி. பகலில் அதற்கும் கீழே ஒரு அடுக்கு உருவாகி, நீளமான அலைகளை உறிஞ்சிவிடும். சூரியன் போனதும் அந்த அடுக்கு கலைந்துவிடும். ஆகவே பகலில் 13, 16, 19 மீட்டர் பக்கம் தேட வேண்டும். மாலையில் 25, 31. இருட்டிய பிறகு 41, 49. இது தெரியாமல் மத்தியானம் 49 மீட்டரில் லண்டனைத் தேடிவிட்டு, "செட்டு சரியில்ல" என்று கடைக்கு எடுத்துப் போனவர்கள் உண்டு. இதற்கு மேல் சூரியனில் பதினோரு வருடத்துக்கு ஒரு தரம் கரும்புள்ளிகள் பெருகும். அப்போது உயர்ந்த அலைவரிசைகள் நன்றாக வேலை செய்யும். 1989, 1990 அப்படிப்பட்ட காலம். 2024-லும் அப்படி ஓர் உச்சம் வந்தது.

இன்னும் சில கைப்பழக்கம் உண்டு. முதலாவது நேரம். உலக வானொலிகள் அட்டவணையை உலகப் பொது நேரத்தில்தான் போடுவார்கள். அதோடு ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். 15.45 என்றால் நமக்கு இரவு ஒன்பதே கால். தமிழோசைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்! ரெண்டாவது, பத்து நிமிஷம் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். ஒலிபரப்பு ஆரம்பிக்கும் முன் அடையாள இசை வரும், அதை வைத்து முள்ளை நிறுத்திக்கொள்ளலாம். மூன்றாவது ஏரியல். இழுத்து நீட்டுகிற கம்பியோடு ஐந்தாறு மீட்டர் செம்புக் கம்பியைக் கவ்வ விட்டு ஜன்னல் வழியாக வெளியே கட்டினால் போதும். ரொம்ப நீளமாகக் கட்டினால் சின்ன செட்டுக்குத் தாங்காது, எல்லா நிலையமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். நான் ஒரு தரம் மீந்து போன சரிகையைக் கூடக் கட்டிப் பார்த்தேன். அப்பா தறியிலிருந்தே, "டேய், வெள்ளி வெல தெரியுமாடா ஒனக்கு?" என்று கத்தினார். அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. மழைக்காலத்தில் இடி கேட்டால் வெளிக்கம்பியை உடனே கழற்றிவிட வேண்டும், அதில் விளையாட்டே கூடாது.

அப்புறம், ஆவி நிலையம். சாதாரண செட்டில் உண்மையான இடத்துக்கு 910 கிலோஹெர்ட்ஸ் கீழே அதே நிலையம் இன்னொரு தரம் கேட்கும். 9.70-இல் இருக்கிற நிலையம் 8.79-லும் பேசும். செட்டின் உள்ளே நடக்கிற அலைக் கலப்பு அது. புதிதாக ஒரு நிலையத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் ரெண்டு நாள் துள்ளிக் குதித்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் விட முக்கியம் இடம். இங்கே போட்டுக் காட்டட்டுமா? (ரேடியோவைப் போடுகிறார்.) கேட்டீர்களா, கொர்ர் என்று? இது எந்த நாடு என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். இது நம் மேடை விளக்கு! எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர், மோட்டார் எல்லாமே ரேடியோ மாதிரி அலை விடும். அந்தக் காலத்தில் ட்யூப் லைட் சோக் இருந்தாலே போதும். அதனால்தான் நான் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவேன். இருட்டு, தண்ணீர், தவளைச் சத்தம். அங்கே உட்கார்ந்தால் உலகம் தெளிவாகக் கேட்கும்.

1990

இப்போது அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணன் பி.காம். முடித்துவிட்டு எட்டு வருடம் வேலை தேடினார், கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். 1985-இல் குவைத்துக்குப் போனார், ஒரு ஸ்டோரில் கணக்கு எழுத. அண்ணியும் சின்னக் குழந்தையும் எங்களோடு தென்னேரியில். 1990 ஆகஸ்டு 2, வியாழக்கிழமை. ஈராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்தது. காஞ்சிபுரத்துக்கு ஓடி வந்து எஸ்.டி.டி. பூத்தில் எத்தனை தரம் போட்டாலும் லைன் இல்லை. கடிதம் இல்லை. கடைசிக் கடிதம் ஜூலை மாதத்துத் தேதியில் வந்திருந்தது. அதில் குழந்தைக்கு என்ன சைஸில் செருப்பு வாங்குவது என்று கேட்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்களுக்கு இந்த ரேடியோதான் கதி. காலையில் ஏழேகாலுக்கு ஆகாசவாணி டெல்லித் தமிழ்ச் செய்தி. இரவில் பிபிசி தமிழோசை. அது இல்லாத நேரத்தில் பிபிசி ஆங்கிலம். அதோடு கொழும்பு. ரேடியோவை ஏரிக்கரைக்கு நான் எடுத்துப் போனால் பின்னாலேயே பத்துப் பேர் வருவார்கள். எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போயிருந்தது அண்ணன் ஒருவர் மட்டும் இல்லை. அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். நான் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் இல்லை, பழக்கம். அவர் மகன் அங்கே டிரைவர்.

ஆகஸ்டிலேயே வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாதுக்குப் போய் சதாம் உசேனைப் பார்த்தார். பிறகு ஜோர்டான் நாட்டுத் தலைநகர் அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் நம்மவர்களை ஏற்றிவரத் தொடங்கின. குவைத்திலிருந்து பஸ்ரா, பாக்தாத், அங்கிருந்து பாலைவனம் தாண்டி அம்மான். அந்த ஊர்ப் பேரெல்லாம் எங்கள் அம்மாவுக்கு வாலாஜாபாத், செங்கல்பட்டு மாதிரிப் பழகிவிட்டது. "அம்மான் வந்துட்டா அப்புறம் பயமில்ல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார்.

செப்டம்பர் 7, வெள்ளிக்கிழமை. அன்றைக்கு எனக்கு உடம்பு சரியில்லை, ஏரிக்கரைக்குப் போகவில்லை. வீட்டு வாசலிலேயே ரேடியோவை வைத்தேன். குரல் ஏறி ஏறி இறங்கியது. மேலே போன அலை ரெண்டு மூன்று வழியாக வந்து சேரும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இப்படி ஆகும். "குவைத்" என்று கேட்டது. அப்புறம் இரைச்சல். "தமிழ்நாட்டைச் சேர்ந்த" என்று கேட்டது. மறுபடி இரைச்சல். பிறகு "திங்கட்கிழமை". கடைசியில் "சென்னை".

நாலே நாலு சொல். நடுவில் இருந்ததை என் ஆசை நிரப்பிக்கொண்டது. நான் எழுந்து நின்று, "குவைத்துல இருக்கிற தமிழ்நாட்டுக்காரங்க திங்கட்கிழமை மெட்ராஸ் வராங்களாம்!" என்று கத்திவிட்டேன். பிபிசியே சொன்னான் என்றும் சேர்த்துச் சொன்னேன். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன், வாத்தியார், சொல்கிறேன். யார் சந்தேகப்படுவார்கள்? அண்ணி குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் ஆகாசவாணியில் அப்படி எதுவும் இல்லை. தமிழோசையிலும் இல்லை. எனக்கு அடி வயிற்றில் கலக்கம் வந்துவிட்டது. "நான் தப்பா கேட்டிருப்பேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாத்தியார் கௌரவம். ஒருவேளை வந்துவிட்டால் என்கிற நப்பாசையும்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பெரியப்பா, நெசவுக்குக் கொடுக்கிற முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, ஒரு புது வேட்டியோடு மீனம்பாக்கம் புறப்பட்டுப் போனார். திங்கள் முழுக்க நின்றார். செவ்வாயும் நின்றார். புதன்கிழமை விடியற்காலை திரும்பி வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை உண்மையில் என்ன செய்தி வாசித்தார்கள் என்பது இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

இடது பக்கம், வலது பக்கம்

புதன்கிழமை அப்பா என்னைத் தறிக்குப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். திட்டவில்லை. "தறியில ஒரு இழை அறுந்தா இன்னாடா பண்ணுவே?" என்று கேட்டார். "தடவிப் பாத்து முடிஞ்சுடுவேன்" என்றேன். "ஆங். எங்க அறுந்துதுன்னு கண்டுபுடிச்சு முடிஞ்சு போட்டுட்டுத்தான் அடுத்த ஊடை. அறுந்தது தெரியாம மேல நெஞ்சுட்டும் போலாம். கட்டிக்கிறவ கல்யாணத்தன்னிக்குத் தெரியும். ரேடியோவுல அறுந்த எடத்தையெல்லாம் நீ ஒன் வாயாலயே நெஞ்சுட்டடா."

அன்று சாயங்காலம் நான் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவரே ஆரம்பித்தார். "நீ பொய் சொல்லலயேப்பா. அவசரப்பட்டுட்டே. நானுந்தான் அவசரப்பட்டேன். இன்னிக்கு என்ன சொன்னான்?" என்று கேட்டார். நண்பர்களே, அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் இவ்வளவு நாள் வலித்திருக்காது.

அன்று வாங்கியதுதான் இந்த நோட்டு. இடது பக்கத்துக்குத் தலைப்பு: 'கேட்டது'. வலது பக்கத்துக்குத் தலைப்பு: 'கேட்டதாகத் தோன்றியது'. ஒவ்வொரு வரிக்கும் தேதி, நேரம், எந்த நிலையம், எத்தனை மீட்டர், குரல் எவ்வளவு தெளிவு. முழு வாக்கியமாகக் காதில் விழுந்தது மட்டும்தான் இடது பக்கம் போகும். அரைகுறையாக விழுந்தது வலது பக்கம். வலது பக்கத்தில் இருப்பதை வீட்டுக்கு வெளியே சொல்லக் கூடாது. அடுத்த ஒலிபரப்பிலோ வேறு ஒரு நிலையத்திலோ அதே செய்தி முழுசாக வந்தால்தான் அது இடது பக்கத்துக்கு மாறும். அப்பா போட்ட சட்டம் இது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், உலகம் முழுக்க சிற்றலை கேட்கிறவர்கள் இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள் என்று. சின்போ என்று பெயர். குரலின் பலம், மற்ற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏற்ற இறக்கம், மொத்தத் தரம், இந்த ஐந்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் மதிப்பெண். ஐந்து ஐந்தாக விழுந்தால் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி. இதை எழுதி நிலையத்துக்கு அனுப்பினால், "ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்" என்று ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். அதைச் சேர்க்கிற பைத்தியம் எனக்கும் பின்னாளில் பிடித்தது. ஆனால் அந்தச் செப்டம்பரில் எனக்கு மதிப்பெண் போட்டது பெரியப்பா ஒருவர்தான். தினமும் ஏரிக்கரையில் செய்தி முடிந்ததும் பக்கத்தில் வந்து கேட்பார்: "இன்னிக்கு இடதா, வலதா?"

ஊரில் வதந்திக்குக் குறைவில்லை. பஸ்ஸைச் சுட்டார்களாம், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்களாம், பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் செத்தார்களாம். யார் வந்து சொன்னாலும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "நோட்டுல இருக்குதா?" இல்லை என்றால் போய் அடுப்பைப் பார்ப்பார்.

செப்டம்பர் 29, சனிக்கிழமை. தபால்காரர் தந்தி கொண்டுவந்தார். பம்பாய் வந்து சேர்ந்தேன், ரயிலில் புறப்படுகிறேன் என்று அண்ணன் கொடுத்த தந்தி. அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து, இந்த நோட்டை வாங்கி, இடது பக்கத்தில் அவர் கையாலேயே எழுதினார். இதோ, படிக்கிறேன். "பெரியவன் வந்துட்டான்." நிலையம், மீட்டர் எல்லாம் காலி. தெளிவு என்கிற இடத்தில் மட்டும் 5 என்று போட்டிருக்கிறார்.

அக்டோபரில் பெரியப்பா மகனும் வந்து சேர்ந்தான். மொத்தம் 488 விமானப் பயணங்களில் ஏறத்தாழ 1,70,000 பேரை இந்தியா அப்படிக் கொண்டுவந்தது. உலகத்தில் பயணிகள் விமானங்களால் நடந்த மிகப் பெரிய மீட்புகளில் அது ஒன்று. மகன் வருகிற செய்தியைச் சொன்ன போதும் பெரியப்பா சிரித்துக்கொண்டே, "இடதுதானே?" என்று கேட்டார்.

இன்றைக்கு

இவ்வளவும் சொல்லிவிட்டு, எல்லாரும் போய் சிற்றலை ரேடியோ வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். காலம் மாறிவிட்டது. 1941 மே 3-ஆம் தேதி வாரம் ஒரு முறை செய்தி மடலாக ஆரம்பித்து, சோ. சிவபாதசுந்தரம் 'தமிழோசை' என்று பெயர் சூட்டி வளர்ந்த பிபிசி தமிழ் ஒலிபரப்பு, 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி நின்றது. அன்று ராத்திரி நானும் அண்ணனும் இந்த ரேடியோவோடு ஏரிக்கரையில்தான் இருந்தோம். பிலிப்பைன்ஸிலிருந்து தமிழ் பேசிய வெரித்தாஸ் 2018 ஜூன் மாதத்தோடு சிற்றலையை நிறுத்தியது. பிபிசியின் இந்தி வானொலி 2020 ஜனவரியில் முடிந்தது. ஆகாசவாணியும் சிற்றலைப் பரப்பிகளை ஒவ்வொன்றாக மூடியது. 1963 ஆகஸ்டில் தமிழில் பேச ஆரம்பித்த பீகிங் வானொலிக்கு ஒரு காலத்தில் நம் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் நேயர் மன்றம் இருந்தது. அதுவும் பழங்கதை ஆகிக்கொண்டிருக்கிறது.

ஆனால் சிற்றலைக்கு ஒரு குணம் உண்டு. கேட்கிறவன் ஊரில் கோபுரம் வேண்டாம், கேபிள் வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம். ரெண்டு பென்சில் பேட்டரி கூடுதலாக இருந்தால் போதும். 2022 மார்ச்சில் உக்ரைன் போர் மூண்டபோது, மூட்டை கட்டி வைத்த சிற்றலையை பிபிசி மறுபடி எடுத்து, அந்தப் பக்கத்துக்குத் தினமும் நாலு மணி நேரம் ஆங்கிலச் செய்தி ஒலிபரப்பியது. எல்லாம் அறுந்த பிறகும் இது வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த வானொலியும் தர்மத்துக்குப் பேசவில்லை. லண்டனுக்கும் மாஸ்கோவுக்கும் பீகிங்குக்கும் அவரவர் அரசாங்கம் பணம் கொடுத்தது, அவரவர் நியாயம் இருந்தது. நம் ஆகாசவாணியும் அப்படித்தான். 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். மறைவை ஆகாசவாணி சாயங்காலம்தான் அறிவித்தது, பிபிசி அதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டது. மேற்கு வங்காளத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே பிபிசியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்காக முதலில் சொன்னவன்தான் எப்போதும் சரி என்று ஆகிவிடாது. ஒன்பது பேண்டு எதற்கு? ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் கேட்டுப் பார்ப்பதற்கு. அதற்குள் ஒரு ராத்திரி போய்விடும். போகட்டும். அந்த ஒரு ராத்திரி நிறைய பேரை மீனம்பாக்கத்துக்கு அனுப்பாமல் காப்பாற்றும்.

2015 டிசம்பர் மழை ஞாபகம் இருக்கிறதா? ஏரி நிரம்பித் தளும்புகிறது. நாலைந்து பேர் கரையில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றிருந்தோம். அப்போது என் போனில் 'டிங்' என்று ஒரு செய்தி. என்ன தெரியுமா? "தென்னேரி ஏரி உடைந்தது, உடனே பகிரவும்." நான் அந்தக் கரை மேலேயே நின்றுகொண்டுதான் அதைப் படித்தேன்! அனுப்பியவர் யார் என்று சொல்ல மாட்டேன். நம் கல்லூரிதான். இந்த அறையில்தான் இருக்கிறார். (சிரிப்பு.) அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் பொய் சொல்லவில்லை, அவசரப்பட்டார். 1990-இல் நான் செய்ததைத்தான் அவரும் செய்தார். என்ன, என் குரல் ஒரு தெருவுக்குத்தான் கேட்டது.

என் பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள். போன் அவள் கையில்தான் இருக்கும். போனை வைத்துக்கொள்ளாதே என்று நான் சொல்வதில்லை, சொன்னாலும் கேட்க மாட்டாள். ஆனால் ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டு "தாத்தா, இது தெரியுமா?" என்று ஓடிவந்தால், நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இடதா, வலதா?" ஆரம்பத்தில் முறைத்தாள். இப்போது வரும்போதே, "வலதுதான் தாத்தா, ஆனா கேளுங்களேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறாள். எனக்கு அது போதும்.

பத்து நிமிஷம் என்று செயலாளர் சொன்னார், நான் அவரை ஏமாற்றிவிட்டேன். சாப்பாடு முடிந்ததும் மைதானத்துக் கடைசியில், விளக்கு இல்லாத மூலையில், புங்க மரத்தடியில் இந்த ரேடியோவோடு உட்கார்ந்திருப்பேன். கிளையில் கட்டக் கம்பியும் கொண்டுவந்திருக்கிறேன். என்ன கேட்கும் என்று உத்தரவாதம் கொடுக்க முடியாது. விருப்பம் உள்ளவர்கள் வரலாம். நோட்டில் இன்னும் நாலு பக்கம் பாக்கி இருக்கிறது.